கப்பல் பயண முகவராகச் சேரும் முன் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் வேலை தேடும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். 'சொகுசுக் கப்பல் பயண முகவர் ஆகுங்கள், அனுபவம் தேவையில்லை' என்று துண்டறிக்கை கொடுக்கிறார்கள். தங்கையின் வளையலை அடகு வைத்து அப்படி ஓர் அலுவலகத்தில் 35,000 ரூபாய் கட்டினேன். ஒரு பைசா திரும்பவில்லை. புகார் கொடுத்திருப்பதால் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

2022 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு இலங்கைக்கும் கப்பல் போனது. அந்தச் செய்திப் படங்களை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். பயணி கட்டும் முழுத் தொகையிலும் 15 சதவீதம் கமிஷன் என்றார்கள்.

பொய். முகவருக்குக் கமிஷன் தருவது கப்பல் நிறுவனம். துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் போக, அறைக் கட்டணத்துக்குத்தான் பொதுவாகக் கணக்கிடுவார்கள். பயிற்சியையும் பெரிய கப்பல் நிறுவனங்கள் பல, முகவர்களுக்கு இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. எனக்குக் கிடைத்ததோ ஓர் அடையாள அட்டையும், கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கக்கூடிய கட்டணப் பட்டியலின் நகலும். தருவதாகச் சொன்ன லாகின் வரவே இல்லை.

காலடிப்பேட்டையில் ஒரு குடும்பம், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கப்பலில் போக ஆசைப்பட்டது. அவர்கள் பணத்தை ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னது அலுவலகம். நிறுவனத்தின் பெயரில் ரசீது கேட்டேன், மழுப்பினார்கள். அந்தக் குடும்பத்தை நேரடியாகக் கப்பல் நிறுவனத்திடமே பதிவு செய்யச் சொல்லிவிட்டேன்.

என் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மேலாளர் சொன்னார்: "தம்பி, இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் கட்டுவதில் உங்கள் பங்கு வந்துவிடும்." கப்பல் டிக்கெட் விற்றுப் பிழைக்கும் இடமே இல்லை அது. நம்மைப் போன்றவர்கள் கட்டும் சேர்க்கைப் பணம்தான் அவர்கள் வருமானம். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்றும் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

பெரிய முகமை ஒன்றின் கீழ் கட்டணம் கட்டிச் சேரும் முறை வெளிநாடுகளில் உண்டு. கட்டணம் கேட்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். ஆனால் கட்டும் முன், 'இவர்கள் உங்கள் முகவரா?' என்று கப்பல் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். கமிஷன் எதற்கு, எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இணையம் வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இதே அலுவலகத்தில் கட்டியவர்கள் இருந்தால், ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரப்படுத்தி எனக்குத் தகவல் அனுப்புங்கள். சேர்ந்தே காவல் நிலையத்துக்குப் போவோம்.