ஃபேர்டிரேட் முத்திரையுள்ள காபித்தூள்: கூடுதல் பணம் யாருக்குப் போகிறது?

விளைவிப்பவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தரப்படும் சான்றுதான் ஃபேர்டிரேட் முத்திரை. அந்த முத்திரையுள்ள காபித்தூளைத் தொடர்ந்து வாங்கி வருகிறேன். சுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முத்திரைக்கும் சுவைக்கும் தொடர்பில்லை, வறுப்பவரின் கைத்திறனே அதைத் தீர்மானிக்கிறது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் விளைவித்தவருக்கு என்ன செய்கிறது என்பதையே மதிப்பிட வேண்டும்.

அது செய்வது ஒருவகைக் காப்பீடு. கழுவிப் பதப்படுத்திய அராபிக்கா வகைக் காபிக்கு ஃபேர்டிரேட் நிர்ணயித்த குறைந்தபட்ச விலை 2011 முதல் பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்து, 2023 ஆகஸ்டில் 1.80 டாலராக உயர்ந்தது. சந்தை அதற்குக் கீழே இறங்கினாலும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு இந்த விலை உண்டு. மேலே ஏறினால் சந்தை விலையே கிடைக்கும். எப்படியாயினும் பவுண்டுக்கு 20 சென்ட் ஊக்கத்தொகை தனி. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பிட்டு விலையைத் தாங்கிய சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை 1989-இல் முறிந்தபின், 2001-இல் சந்தை விலை 50 சென்ட்டுக்கும் கீழே சரிந்தபோது, அன்றைய குறைந்தபட்ச விலை அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. விலை உச்சத்தில் நிற்கும் ஆண்டுகளில் இந்தக் காப்பீட்டுக்குப் பெரிய வேலையில்லை.

என் தயக்கம் வேறிடத்தில். சங்க உறுப்பினர் நிலமுள்ள சிறு விவசாயி; அறுவடையில் கூலிக்குப் பழம் பறிப்பவருக்கு நிலமும் இல்லை, சங்கத்தில் வாக்கும் இல்லை. லண்டனிலுள்ள சோவாஸ் (SOAS) கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட அறிக்கை, சான்றிதழ் பெற்ற பகுதிகளில் கூலி பெரும்பாலும் பிற பகுதிகளைவிடக் குறைவாக இருந்ததாகக் கூறியது. சிறு விவசாயிகளைப் பெருந்தோட்டங்களோடு ஒப்பிட்டது தவறு என்று ஃபேர்டிரேட் அமைப்பு மறுத்தது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால், கூலியாளுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு அது விடையாகாது. மேலும், சங்கம் தணிக்கைக் கட்டணம் செலுத்தியும் முழு விளைச்சலையும் இந்த விலையில் விற்க முடிவதில்லை; வாங்குவோர் கிடைக்காத மீதி சாதாரண விலைக்கே போகிறது.

காபி விளையும் நாட்டுக்கே நன்மையா என்றால், இல்லை என்பேன். வறுத்துப் பொதியிடும் லாபம் பெரும்பாலும் இறக்குமதி நாடுகளில் தங்கிவிடுகிறது; காபிச்செடி வளராத ஜெர்மனி பெரிய காபி ஏற்றுமதியாளராக இருப்பது இதனால்தான். சங்க உறுப்பினருக்கு, விலை வீழ்ந்த ஆண்டில், நிச்சயம் நன்மை. அந்த அளவுக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் தரலாம்.

இதே முத்திரையுள்ள சாக்லேட் வாங்குவோர் பொதியின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும்: கொக்கோவில், சான்று பெற்றதும் பெறாததும் ஆலையில் கலக்க விதி அனுமதிக்கிறது, சான்று பெற்றதாக வாங்கிய அளவுக்கான பணம் மட்டும் விவசாயிகளின் சங்கத்துக்குச் சேரும்.