"ஃபைன்தானே, ஒத்துக்கோ" என்று சொல்லும் வக்கீலிடம் ஜாக்கிரதை

சைதாப்பேட்டை, எழும்பூர் கோர்ட் பக்கம் சின்ன கேஸுக்காக அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, என் தம்பி இன்று சட்டப்படி தண்டிக்கப்பட்ட ஆள். அது வீட்டில் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது, ஏனென்றால் காசு வாங்கினவர் அதைச் சொல்லவே இல்லை.

கேஸ் இதுதான். தெருவில் வண்டி நிறுத்துவதில் தகராறு, தள்ளுமுள்ளு, எதிர்வீட்டு அண்ணனுக்கு உதடு கிழிந்து தையல். எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 115(2), 351(3) என்று போட்டிருந்தார்கள். (2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்கு இந்தப் புதுச் சட்டம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 323, 506 என்று பேசிப் பழகியவர்களுக்கு எண் குழம்பும்.) 351(3) கொலை மிரட்டல் மாதிரியானது, ஏழு வருடம் வரை போகலாம். தெரிந்தவர் மூலமாக வந்த வக்கீல் அந்த ஏழு வருடத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் "ஏழு வருஷம்மா, ஏழு வருஷம்" என்பார். அம்மாவுக்கு பிரஷர் ஏறும், நம் கை பர்ஸுக்குப் போகும்.

ஆனால் போலீஸ் விசாரித்துத் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் 351(3) இல்லை. சாதா மிரட்டல், 351(2), அதற்கு அதிகபட்சம் இரண்டு வருடம். 115(2) சாதாரண காயம், ஒரு வருடம் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எஃப்.ஐ.ஆர் என்பது புகார் வந்ததும் எழுதுவது, கோர்ட்டில் வழக்கு நடப்பது குற்றப்பத்திரிகையை வைத்துத்தான். அதன் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நகல் வக்கீல் கையில் இருந்தது, எங்களிடம் கடைசி வரை காட்டவில்லை. "அது உங்களுக்குப் புரியாதுப்பா" என்றார்.

எனக்கு வயிறு எரிகிற இடம் இனிமேல்தான். எதிர்வீட்டு அண்ணன் கோபம் தணிந்து, கேஸ் நடக்கும்போதே தன் பெண்ணின் காதுகுத்துக்கு வந்து பத்திரிகை வைத்தார். "ஏதாவது எழுதிக் கொடுக்கணும்னா சொல்லுங்க, கொடுத்துடறேன்" என்று அவரே சொன்னார். அதை வக்கீலிடம் சொன்னால், "இது போலீஸ் கேஸ், அவர் விட்டாலும் கவர்மென்ட் விடாது" என்று பதில். சுத்தப் பொய். 115(2), 351(2) இரண்டுமே ராஜியாக, அதாவது சமாதானமாக, முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள். பி.என்.எஸ்.எஸ். (கேஸ் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் புது நடைமுறைச் சட்டம்) 359ஆம் பிரிவில் பட்டியலே இருக்கிறது, அடிபட்டவர், மிரட்டப்பட்டவர் சம்மதித்தால் முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலைக்குச் சமம். எல்லாக் குற்றமும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆபாசமாகத் திட்டியதற்கான 296 அதில் இல்லை, அதெல்லாம் இருந்தால் ஹைகோர்ட்டுக்குப் போய் வழக்கையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டிவரும். எங்கள் கேஸில் அந்தத் தொல்லையும் இல்லை.

ராஜி என்றால் ஒரு வாய்தாவில் வேலை முடிந்துவிடும், ஃபீஸ் கேட்க முகாந்திரம் இருக்காது. அதனால்தான் மறைத்தார் என்பது என் முடிவு.

வாய்தா அன்று காரிடாரில் வைத்துத் தம்பியிடம் சொன்னது: "ஜட்ஜ் கேட்டா 'ஆமாங்கய்யா'ன்னு மட்டும் சொல்லு. ஃபைன் போடுவாங்க, கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம், கேஸ் குளோஸ்." உள்ளே கூப்பிட்டார்கள், குற்றச்சாட்டைப் படித்தார்கள், ஒத்துக்கொள்கிறாயா என்றார்கள், ஆமாங்கய்யா. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்பே "கோர்ட்டில் கட்டணும்" என்று எங்களிடம் வாங்கியது நாற்பதாயிரம். அபராத ரசீதில் இருந்தது மூவாயிரம்.

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. தானே குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனை வாங்கியவர், நான் குற்றவாளி இல்லை என்று அப்பீல் போக முடியாது. தண்டனையின் அளவு அதிகம், அல்லது அது சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் போகலாம். ஃபைன் கட்டினால் கேஸ் குளோஸ் ஆவது உண்மை, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்போடு குளோஸ் ஆகிறது. தம்பி புது வேலைக்குச் சேரும்போது கொடுத்த படிவத்தில் "எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்று ஒரு கட்டம். இல்லை என்று எழுதிவிட்டுப் பிறகு வெரிஃபிகேஷனில் மாட்டினால் மறைத்ததற்கே வேலை போகலாம், 2016இல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஆமாம் என்று உண்மையை எழுதினான். சேரும் தேதியை நிறுத்திவைத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

விஷயத்தை வக்கீலிடம் சொன்னதும் அவர் அடுத்த கதையை ஆரம்பித்தார். "பாஸ்போர்ட்டும் போயிடும், இருபத்தஞ்சாயிரம் கொடுத்தா ரெக்கார்டை கிளியர் பண்ணிடலாம்." இதுவும் டூப். பாஸ்போர்ட் சட்டப்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்து, அதிலிருந்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பித்தால்தான் அந்தக் காரணத்துக்காக மறுக்கலாம். மூவாயிரம் ரூபாய் அபராதம் அதற்குள் வராது. (கேஸ் நிலுவையில் இருக்கும்போது விண்ணப்பிப்பது வேறு கதை, அதற்குக் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும்.) கோர்ட் தீர்ப்பை ரெக்கார்டிலிருந்து அழிக்க எந்த வக்கீலாலும் முடியாது, அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபைலைத் திருப்பிக் கேட்டபோது "பாக்கி ஃபீஸ் வெச்சாதான்" என்றார். ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரர் ஃபைலை வக்கீல் பிடித்துவைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2000த்திலேயே சொல்லிவிட்டது. அதைச் சொல்லி, வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் பார் கவுன்சிலுக்கு எழுதப்போகிறேன் என்றதும், குமாஸ்தா மறுநாள் மஞ்சப்பையில் போட்டு வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். குற்றப்பத்திரிகையை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

இப்போது 15100க்குப் போன் செய்து, இலவச சட்ட உதவி மூலமாக ஒரு வக்கீல் மேடம் கிடைத்திருக்கிறார். காவலில் இருப்பவர்கள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் வருமானம் பார்க்க மாட்டார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அந்த மேடம் சொன்ன வழி 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டம். முதல் தடவை, சின்ன குற்றம் என்றால் தண்டனைக்குப் பதிலாகக் கண்டித்தோ நன்னடத்தை உறுதி வாங்கியோ விடலாம். அந்தச் சட்டப்படி விட்டால், தண்டிக்கப்பட்டதால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அப்பீலிலும் இதைக் கேட்கலாம். செஷன்ஸ் கோர்ட்டுக்கு முப்பது நாள் கெடு, அது எங்களுக்குத் தாண்டிவிட்டது, அதனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவோடு சேர்த்துப் போட்டிருக்கிறோம். மனுவைக் கோர்ட்டில் பதிவு செய்து நம்பரும் போட்டுவிட்டார்கள்.

பார் கவுன்சில் புகாரும் தயார். அதில் இருக்கும் ஒரே ஓட்டை, நாற்பதாயிரத்தில் பாதிக்கு மேல் அவர் ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்து வாங்கியது. ஜிபேயில் போன தொகைக்கு மட்டும்தான் ஆதாரம் இருக்கிறது. இதே ஆளிடமோ இதே பாணியிலோ காசு கொடுத்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள், பெயரை அங்கே சொல்கிறேன், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.