ஆல்டிஹைடா, கீட்டோனா?

இந்த இரு வகைக் கரிமச் சேர்மங்களிலும் இருப்பது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கார்போனைல் தொகுதிதான். அந்தக் கார்பனோடு ஒரு ஹைட்ரஜனாவது இணைந்திருந்தால் ஆல்டிஹைடு. இருபக்கமும் கார்பனே இருந்தால் கீட்டோன். அதனால்தான் ஆல்டிஹைடு எப்போதும் சங்கிலியின் நுனியில் வரும்.

ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை நீக்கியது என்ற லத்தீன் தொடரின் சுருக்கமே ஆல்டிஹைடு. கீட்டோன், அசிட்டோனின் பழைய ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. பிரியாணிக்குப் போடும் பட்டையின் மணம் சின்னமால்டிஹைடு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் அசிட்டோன்.

இரண்டையும் பிரித்துக் காட்ட டாலன்ஸ் சோதனைதான் எனக்குப் பிடித்தது. வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்ந்த டாலன்ஸ் கரைசலோடு ஆல்டிஹைடைச் சேர்த்து வெந்நீரில் வைத்தால், சோதனைக் குழாயின் உட்சுவரில் வெள்ளி படிந்து முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. சாதாரணக் கீட்டோனில் ஒன்றும் நடக்காது. ஆனால் பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் கீட்டோனாக இருந்தும் வெள்ளியைப் படியவைக்கும். காரக் கரைசலில் அது ஆல்டிஹைடு வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

அப்புறம், எழுதும்போது கவனம்: எத்தனேல் ஆல்டிஹைடு, எத்தனால் ஆல்கஹால். ஓர் எழுத்து மாறினால் பொருளே வேறு. கீட்டோனில் இந்தக் குழப்பம் குறைவு. புரப்பனோன் என்றால் 'ஓன்' காட்டிக்கொடுத்துவிடும்.