லிங்க்கா, அப்டேட்டா? சர்ச் கன்சோலில் பல வருடங்களாகப் பார்த்தது

நிலம், பத்திரப்பதிவு பற்றித் தமிழில் விளக்கம் எழுதும் சிறிய தளம் ஒன்றைப் பல வருடங்களாக நடத்துகிறேன். நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலை, 2015க்கு முன்பு அது வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்தே பயன்படுத்துகிறேன். புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: தேடலில் மேலே வர மற்றவர்கள் தரும் லிங்க் முக்கியமா, பக்கத்தை அடிக்கடி அப்டேட் செய்வது முக்கியமா? அது அந்தப் பக்கம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. என் தளத்தின் இரண்டு பக்கங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, நில அளவைக் கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. இன்று படித்தாலும் பத்து வருடம் கழித்துப் படித்தாலும் இதுதான். மனை வாங்குவது பற்றி எழுதுகிறவர்கள் கணக்கை மறுபடி விளக்காமல் இந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்துவிடுகிறார்கள். நான் யாரிடமும் கேட்டதில்லை. அப்படி லிங்க் சேரச் சேர, பக்கம் மெதுவாக மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ என்பதை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று சோதித்தேன். எதுவும் அசையவில்லை. சொல்ல வேண்டியதில் மாற்றமே இல்லாதபோது தேதியை மட்டும் மாற்றுவது வாசகரை ஏமாற்றும் வேலை, அதனால் பழைய தேதியையே திரும்ப வைத்துவிட்டேன்.

லிங்க் ஏன் இப்படி வேலை செய்கிறது என்பதற்கான அடிப்படை பழையது. கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் ஸ்டான்ஃபோர்டில் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஒரு லிங்க்கின் மதிப்பு அதைக் கொடுக்கும் பக்கத்தின் மதிப்பிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை லிங்க் வெளியே போகிறதோ, அத்தனையாக அந்த மதிப்பு பிரிகிறது. தேடுபொறி இன்று பார்க்கும் விஷயங்கள் எவ்வளவோ கூடிவிட்டன. ஆனாலும் நிலத்தைப் பற்றியே எழுதும் தளத்திலிருந்து வந்த ஒரு லிங்க், தள முகவரிகளைத் தொகுத்துப் போடும் ஏதேதோ டைரக்டரிகளிலிருந்து வந்த கும்பலைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

இரண்டாவது, பத்திரப்பதிவுக் கட்டணப் பக்கம். இங்கே கதையே வேறு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் 1 முதல் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 11 சதவீதமாக இருந்த செலவு 9 சதவீதமானது. அறிவிப்பு வந்ததும் பக்கத்தை மாற்றி எழுதினேன்: புதிய விகிதம், வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) உயர்த்தியதன் விளைவு, மாதிரிக் கணக்கு. மாற்றிய கையோடு சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து, கூகுளை மறுபடி வந்து பார்க்கச் சொல்லிக் கோரிக்கை வைத்தேன். சில நாட்களில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்ணிக்கை) கோடு செங்குத்தாக ஏறியது. பழைய 4 சதவீதத்தையே வைத்திருந்த பக்கங்கள், நிறைய லிங்க் இருந்தும், அந்தத் தேடல்களில் கீழே இறங்கின. மக்கள் புதிய பதிலைத் தேடும் கேள்விகளுக்குப் புதிய பக்கங்களை முன்னே கொண்டுவருவதாக கூகுள் 2011லேயே அறிவித்திருந்தது. அன்று அதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

இதில் நான் விடாமல் பிடித்துக்கொள்வது ஒன்று உண்டு. கட்டணம் மாறும்போது புதிய பக்கம் தொடங்குவதில்லை, அதே முகவரியில்தான் மாற்றுவேன். முகவரியில் வருடத்தைச் சேர்ப்பதும் இல்லை. முன்பு சேர்ந்த லிங்க் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன. புதிய உள்ளடக்கத்துக்கு அவை அப்படியே பலம் தருகின்றன. முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதற்கு வருகிறவர்களைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் கட்டாயம். அப்புறம், நில அளவைப் பக்கத்திலிருந்து கட்டணப் பக்கத்துக்கு நானே ஒரு லிங்க் வைத்தேன். தளத்துக்குள் போடும் லிங்க்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் கையிலேயே இருப்பது அது ஒன்றுதான்.

லிங்க் விற்கிறோம் என்று வாரந்தோறும் மின்னஞ்சல் வருகிறது. ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. 2012இல், செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளைச் சோதிக்கும் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தபோது அப்படி வாங்கியவர்களின் தளங்கள் சரிந்தன. 2016 முதல் அந்தச் சோதனை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும் குப்பை லிங்க்குகள் என் பட்டியலிலும் உண்டு. அவற்றை மறுக்கும் டிஸ்அவோ கருவியை நான் தொட்டதில்லை. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது. தரவரிசையில் பாதிப்பு எதையும் பார்க்கவில்லை.

சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கிறது. ஓர் ஏப்ரலை அதற்கு இரண்டு வருடம் முந்தைய ஏப்ரலோடு ஒப்பிட வேண்டுமானால், மாதாமாதம் நாமே இறக்கிச் சேமிக்க வேண்டும். லிங்க் அறிக்கை காட்டுவதும் முழுப் பட்டியல் அல்ல, ஒரு மாதிரிதான். ஆனால் தேடல் சொற்களின் பட்டியல் விலைமதிப்பற்றது. பத்து லட்சம் ரூபாய்க்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில நாட்களில் ‘மனைவி பெயரில் பத்திரம்’ என்ற தேடல் பட்டியலில் மேலே வந்தது. கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கினால் சலுகை உண்டா என்பதே பலரின் கேள்வி என்று அதில் தெரிந்தது. கட்டணப் பக்கத்தில் அதற்குத் தனியாக ஒரு பகுதி சேர்த்தேன், அதே முகவரியில்.