மொரோக்கோ ஹம்மாம்: பேட்டைக் குளியல்கூடமா, ஹோட்டல் ஸ்பாவா?

மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் ஹம்மாம் என்ற சூட்டுக் குளியலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பேட்டைக்குப் பேட்டை இருக்கும் பொதுக் குளியல்கூடம். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 10 முதல் 30 திர்ஹாமுக்குள் முடிந்துவிடும். இன்னொன்று, ரியாத் என்ற, நடுவே முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் முன்பதிவு செய்து போகும் ஸ்பா. அங்கே சில நூறு திர்ஹாம் ஆகும். இரண்டிலும் பூசுவது ஆலிவ் எண்ணெயில் செய்த அதே கருஞ்சோப்புதான். தேய்ப்பது கெஸ்ஸா என்ற அதே சொரசொரப்பான கையுறைதான். கூடுதல் பணம் தனிமைக்கும் சொகுசுக்கும் போகிறது. ஆனால் அங்கே நேரம் குறைந்துவிடுகிறது. எனக்கு அதுதான் உறுத்தல்.

ஹம்மாமின் சூட்சுமமே ஊறுவதில் இருக்கிறது. பழைய கூடத்தில் குளிர்ந்தது, வெதுவெதுப்பானது, சூடானது என்று அடுத்தடுத்து மூன்று அறைகள். பக்கத்தில் விறகு உலை எரியும். அதன் சூடு தண்ணீரோடு தரையையும் காய்ச்சும். (அந்த உலைச் சாம்பலில் மண்ஜாடியைப் புதைத்து மணிக்கணக்கில் இறைச்சி வேகவைப்பார்கள். மராக்கேஷின் பேர்போன தஞ்சியா அதுதான்.) சூடான தரையில் உட்கார்ந்து, சோப்பைப் பூசிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசி, தோல் நன்றாக இளகிய பிறகுதான் தேய்ப்பு. அப்போது அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். பெண்கள் பகுதியில் தேய்த்துவிடும் அம்மாவுக்குத் தனியாகக் காசு கொடுத்தால் போதும்; கை, முதுகு என்று பாக்கி வைக்காமல் உரித்துவிடுவார்.

ஸ்பாவில் பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பல இடங்களில் நீராவி இயந்திரம்தான் அறையைச் சூடாக்கும். கொஞ்ச நேர நீராவி, மென்மையான தேய்ப்பு, முலூயா பள்ளத்தாக்குப் பகுதியில் வெட்டியெடுக்கும் கஸூல் களிமண் பூச்சு, விரும்பினால் ஆர்கன் எண்ணெய் மசாஜ். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் தோல் ஊற அவகாசம் போதாது.

அதற்காக ஸ்பாவை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பொதுக் கூடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, அல்லது தனித்தனி நேரம். தம்பதியாகச் சேர்ந்து போக முடியாது. உள்ளாடையோடு ஊரார் நடுவே உட்காரக் கூச்சப்படுபவர்களுக்கும், பாஷை தெரியாமல் தடுமாறுபவர்களுக்கும் ஸ்பாதான் சரி. இரண்டுக்கும் நடுவில் மௌவாசின் ஹம்மாம் போன்ற இடங்கள் இருக்கின்றன. மொரோக்கோவை ஆண்ட சாடியன் (Saadian) வம்ச சுல்தான் அப்துல்லா அல்-காலிப் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய மசூதி வளாகத்தைச் சேர்ந்தது அது. வெளியூர்க்காரர்களும் தயங்காமல் போகலாம்.

துருக்கிக் குளியலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நடுவே படுக்கச் சூடான பளிங்கு மேடை, நுரை மலை எல்லாம் இஸ்தான்புல் பாணி. இங்கே பொதுவாகத் தரைதான்.

என் ஓட்டு பேட்டைக் கூடத்துக்கு. வாளி, மொண்டு ஊற்ற ஒரு கிண்ணம், சின்னப் பாய், சோப்பு, கையுறை, மாற்று உள்ளாடை எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். வெயிலில் தோல் கன்றியிருந்தாலோ, அன்றைக்குத்தான் சவரம் செய்திருந்தாலோ, கெஸ்ஸா பக்கமே போகாதீர்கள். வறட்சியால் 2024இல் பல நகரங்களில் ஹம்மாம்களை வாரம் 3 நாள் மூடச் சொன்னார்கள். அதனால் போகும் முன் அன்று திறந்திருக்கிறதா என்று விடுதியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.