சாகசமா, துணிவா, தறுகணா? எதை எங்கே எழுதுவது

மெரினாவுக்கு மேலே விமானப்படை விமானங்கள் குட்டிக்கரணம் போட்டாலும் ‘சாகசம்’, நடுராத்திரியில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிப் போலீஸில் சிக்கினாலும் ‘சாகசம்’. செய்திகளில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். ஆனால் இதோடு போட்டிபோடும் மற்ற சொற்கள் பிறந்த இடம் வேறு, அதனால் பொருந்தும் இடமும் வேறு.

சாகசம் வடமொழி ‘சாஹஸ’த்திலிருந்து வந்தது. அதன் அடி ‘ஸஹஸ்’, அதாவது வலிமை. பழைய சட்ட நூல்களில் சாகசம் ஒரு குற்றத்தின் பெயர்! உடைமைக்காரரின் கண்ணெதிரே பலவந்தமாகப் பிடுங்கினால் சாகசம், அவர் இல்லாதபோது எடுத்தால் திருட்டு என்று அர்த்தசாஸ்திரம் பிரித்தே சொல்கிறது. மனுஸ்மிருதியில் அபராதப் படிகளுக்கே இந்தப் பெயர்தான்: 250 பணம் என்றால் முதலாம் சாகசம், 500 நடு, 1000 உச்சம். அந்த முரட்டுத்தனம் இந்தியில் முழுக்க உதிர்ந்து, இன்றைக்கு அங்கே வெறும் தைரியம். மலையாளத்தில் அசட்டுத் துணிச்சல் என்ற வாடை இன்னும் ஒட்டியிருக்கிறது. தமிழில் இது இன்னொரு பக்கமும் கிளைவிட்டது. ‘சாகசக்காரி’ என்றால் மலையேறுகிறவள் என்று யாருக்கும் தோன்றாது, பசப்பி ஏமாற்றுகிறவள் என்றுதான் தோன்றும். ஆக, முரட்டுத்தனம், பாசாங்கு, பார்ப்பவர் கண்ணுக்கு வித்தை காட்டுவது, எல்லாம் கலந்த சொல் இது.

துணிவு அப்படியில்லை. துணிதல் என்றால் அறுபடுதல், அப்புறம் தீர்மானித்தல். ‘எண்ணித் துணிக கருமம்’ என்று வள்ளுவர் சொல்லும்போது முடிவெடுத்து இறங்குவதைத்தான் சொல்கிறார். யோசனை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் கடலில் ஓட்டும் படகைத் தெருவுக்குக் கொண்டுவந்து, கரண்டுக் கம்பியும் மூழ்கிய வண்டிகளும் எங்கே கிடக்கின்றன என்றே தெரியாத தண்ணீரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்களே, அதற்கு எனக்குத் துணிவைத் தவிர வேறு சொல் ஒத்துவரவில்லை. துணிச்சலும் இதே வேர்தான், ஆனால் ‘என்ன துணிச்சல் உனக்கு!’ என்ற அதட்டல் அதில் எப்போதும் கூடவே வரும்.

தறுகண் அழகான பழந்தமிழ், அஞ்சாமை என்று பொருள். ‘பேராண்மை என்ப தறுகண்’ என்கிறது குறள், தொல்காப்பியம் பெருமிதத்தின் நான்கு காரணங்களில் ஒன்றாக வைக்கிறது. இன்று இதைச் செய்தியில் போட்டால் வாசகர் அகராதியைத் தேட வேண்டியதுதான். சரித்திரக் கதைக்குச் சரி. வீரதீரம் அரசு வாசகம், குடியரசு தினத்தன்று தரும் அண்ணா பதக்கத்தோடு நன்றாக ஒட்டும்.

சாகசத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. பாராகிளைடிங், கயிற்றில் தொங்கி ஆற்றைக் கடப்பது எல்லாம் சாகசச் சுற்றுலாவேதான், அதில் இன்பமே அந்தப் படபடப்பில் இருக்கிறது. ஆனால் குழந்தையைக் காப்பாற்றக் கிணற்றில் குதித்தவரைப் பற்றி எழுதும்போது மட்டும் தயவுசெய்து ‘சாகசம்’ என்று தலைப்புப் போடாதீர்கள்.