கிசுமு ஏரிக்கரைக்குப் போனால் கீரையைக் கேட்டு வாங்குங்கள்

கென்யாவின் கிசுமுவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் விக்டோரியா ஏரியோரம் உட்கார்ந்து முழு திலாப்பியா மீன் சாப்பிட்டுப் படம் போடுகிறார்கள், நல்லதுதான், ஆனால் டுங்கா கரையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடையில் சாப்பிட்ட பிறகு சொல்கிறேன், அந்தப் பக்கத்து லுவோ மக்களின் கைப்பக்குவம் தெரிய வேண்டுமென்றால் கீரை கேளுங்கள்.

மீனை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சை மீனை நாமே பார்த்து எடுக்கலாம், அளவுக்கு ஏற்ற விலை, எண்ணெயில் போடுமுன் பேசிக்கொள்வது நல்லது. கீறல் போட்டு மொறுமொறுவென்று பொரித்து, தக்காளியும் வெங்காயமும் வதக்கிய சாற்றில் கொதிக்கவிட்டுத் தலையோடு தருகிறார்கள். ருசி சரி. ஆனால் ஏரியில் பிடித்தது என்று சொல்லித் தந்தது கூண்டில் வளர்த்த மீன், திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஏரியின் நிலைமையும் அப்படி: 1950களில் கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன், ம்புட்டா என்கிறார்கள், உள்ளூர் மீன் இனங்களில் நூற்றுக்கணக்கானவற்றை அழித்துவிட்டது.

இப்போது கீரை. டெக் என்று கேளுங்கள். நம் ஊர் வேலியோரத்தில் வெள்ளைப் பூவோடு தானாக முளைக்கும் நல்வேளை, அதாவது தைவேளை, அதே செடிதான்! விரல் விரித்தாற்போல ஐந்து இலை, கசக்கினால் வரும் அந்தக் காட்டமான வாசனை, எதுவும் மாறவில்லை. வேகவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து, பால் ஊற்றிச் சிறு தீயில் சுண்டவிடுகிறார்கள். முதலில் பால்வாசம், அப்புறம் நாக்கின் ஓரத்தில் மெல்லிய கசப்பு, அவ்வளவு இதமாக இருந்தது. மறுநாள் பால் சேர்த்துச் சூடாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார் சமைத்த அம்மா. தொட்டுக்கொள்ளச் சோளமும் மரவள்ளி மாவும் கலந்து கிண்டிய பழுப்புக் குவோன், நம் களி மாதிரிதான், ஆனால் கெட்டியாக இருக்கும், கையால் உருட்டிப் பள்ளம் செய்து கீரையை அள்ள வேண்டும். சாப்பிடுமுன் மேசைக்கே வெந்நீர் கொண்டுவந்து கையில் ஊற்றுகிறார்கள்.

கடையில் பேச்செல்லாம் லுவோக்களின் மொழியான தொலுவோ. தெற்கு சூடானின் டிங்கா, நூயர், உகாண்டாவின் அச்சோலி எல்லாம் இதோடு சேர்ந்த மேற்கு நைலோட்டிக் குடும்பத்து மொழிகள். லுவோக்களின் முன்னோர் மாடுகளோடு நைல் பக்கமிருந்து தெற்கே வந்து ஏரியோரம் குடியேறியவர்கள். மீன்பிடி பெரிதான பிறகும் கீரைக்குப் பால் ஊற்றும் வழக்கத்தை அவர்கள் விடாததற்கு அந்த மாட்டுக்கார வாழ்க்கைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீன் வர முக்கால் மணி நேரமாவது ஆகும், பசியோடு போகாதீர்கள். டெக் கொஞ்சம்தான் சமைக்கிறார்கள், மதியத்துக்குள் போய்விடுங்கள். தீர்ந்துவிட்டால் ஒசுகா கேளுங்கள், மணத்தக்காளிக்குச் சொந்தக் கீரை அது, அதுவும் பாலில்தான்.